மாடியில் சோலார் போடுவதற்கு முன் மார்கழி வெயிலை யோசியுங்கள்

வீட்டு மொட்டை மாடியில் சோலார் பேனல் போடப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, உங்கள் வீட்டுக்கு இடம் பார்க்க ஆள் வருவது சித்திரைக்கும் ஆடிக்கும் நடுவில் என்றால் கொஞ்சம் பொறுமையாகக் கடைசி வரை படித்துவிடுங்கள். எந்த பேனல் வாங்கலாம், எந்த இன்வெர்ட்டர் நல்லது, மானியம் எப்போது வரும் என்பதற்கெல்லாம் யூடியூபில் வீடியோ கொட்டிக் கிடக்கிறது. ஆனால் வைகாசியில் ஒரு பக்கம் விழுகிற நிழல் மார்கழியில் வேறு பக்கம் போகும், போய் உங்கள் பேனல் மேலேயே உட்காரலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முப்பதாயிரத்துச் சொச்சம் ரூபாயும், ஐப்பசியிலிருந்து தை வரை தினமும் சாயங்காலம் போனைப் பார்த்துப் பார்த்து எரிச்சல்பட்டதும் மிச்சமாகியிருக்கும்.

எங்கள் வீடு மதுரையில். கீழே ஒன்று, மேலே ஒன்று, கிழக்குப் பார்த்த வாசல். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். இங்கே நான், மகள், அத்தை மூன்று பேர்தான். அதனால் வீட்டில் என்ன வேலை என்றாலும் ஆள் பிடிப்பது, பேரம் பேசுவது, கூடவே நின்று பார்ப்பது எல்லாம் என் தலையில். 2024 பிப்ரவரியில் வீட்டு மாடி சோலாருக்கு மானியம் தரும் மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்தது, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றார்கள், நானும் துணிந்து இறங்கினேன். மொத்தம் 1,95,000 ரூபாய். முழுப் பணத்தையும் முதலில் நாம் கட்ட வேண்டும், மானியம் அப்புறமாகக் கணக்குக்கு வரும். கொஞ்சம் நகையை வைத்துத்தான் புரட்டினேன். அதனால்தான் பின்னால் ஒவ்வொரு யூனிட் குறையும்போதும் வயிற்றைப் பிசைந்தது.

இடம் பார்க்க கம்பெனி ஆள் வந்தது வைகாசியில், மத்தியானம் மூன்றரை மணிக்கு. எங்கள் மாடியில் தென்மேற்கு மூலையில் மாடிப்படி ரூம், அதன் தலையில் ஆயிரம் லிட்டர் டேங்க். வாஸ்து பார்த்துக் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், கன்னி மூலை உயரமாகவும் பாரமாகவும் இருக்க வேண்டும் என்பார்கள். மாடித் தரையிலிருந்து டேங்க் உச்சி பதின்மூன்று அடி. அந்த மூன்றரை மணிக்கு அதன் நிழல் கிழக்கே, கொஞ்சம் தெற்குச் சாய்வாக விழுந்து கிடந்தது. மாடிப்படி ரூமுக்கு வடகிழக்கே மட்ட மத்தியான வெயில். "மேடம், வெயில் உச்சத்துல இருக்கிற மாசத்துலயே இந்தப் பக்கம் நிழல் இல்ல பாருங்க. இங்கயே போட்டா கேபிளும் கம்மியாகும்" என்றார். இன்வெர்ட்டர் மாடிப்படி ரூமுக்குள் என்பதால் கேபிள் கணக்கு நியாயம்தான். உச்ச வெயிலிலேயே நிழல் இல்லை என்றால் மற்ற மாதத்தில் எங்கிருந்து வரும் என்று எனக்கும் பட்டது. சர்வே தாளில் 'நிழல் இல்லாத இடம்' என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஆறு பேனல், மூன்று மூன்றாக இரண்டு வரிசை, டேங்கிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வடகிழக்கே, தெற்குப் பார்த்து பத்து பாகைச் சாய்வில் ஏறி உட்கார்ந்தன.

நான்கு மாதம் பிரமாதமாக ஓடியது. நல்ல வெயில் நாளில் பன்னிரண்டு, பதின்மூன்று யூனிட். மூன்று கிலோவாட்டுக்கு நம் ஊரில் அதுதான் சரியான அளவு. கிலோவாட்டுக்கு நான்கு யூனிட் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், யாராவது ஆறு, ஏழு என்று அளந்தால் நம்பாதீர்கள். ஐப்பசி பிறந்ததும் இறங்க ஆரம்பித்தது. பத்து, எட்டு, ஆறு. கேட்டால் "மழைக்காலம் மேடம், எல்லா வீட்லயும் இப்படித்தான்" என்று பதில். இதில்தான் நம் ஊர்க்காரர்கள் கூடுதலாக ஏமாற வாய்ப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அடிக்கிற அதே அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் சூரியனும் தெற்கே இறங்குகிறது. மேகத்தால் குறைந்ததா, நிழலால் குறைந்ததா என்று தனியாகத் தெரியாது. நானும் மழை என்றே நம்பினேன். கார்த்திகையில் ஒரு வாரம் வானம் பளிச்சென்று இருந்தும் ஒன்பது யூனிட்டைத் தாண்டவில்லை என்றதும் பேனலில் தூசி என்றார்கள். 2,400 ரூபாய் கொடுத்து ஆள் விட்டுக் கழுவினேன். ஒன்றும் மாறவில்லை. கம்பெனி ஆள் இன்றைக்கு நாளைக்கு என்று இழுக்க, வெளியிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் கனெக்டரை எல்லாம் கழற்றி மாட்டிவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி 1,500 வாங்கிக்கொண்டு போனார். நன்றாக இருப்பதைச் சொல்லவா இவ்வளவு பணம் என்று அன்றைக்கு ராத்திரி கணவரிடம் போனில் பொருமித் தள்ளிவிட்டேன். அவர் மட்டும் அங்கிருந்து என்ன செய்வார், பாவம்.

விஷயம் பிடிபட்டது இன்வெர்ட்டர் ஆப்பில். பெரும்பாலானவர்கள் அதில் இன்றைக்கு எத்தனை யூனிட் என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். அதே ஆப்பில் அந்த நாளின் கோட்டுப் படம் இருக்கும், அதைப் பாருங்கள். காலையில் ஏறி, மத்தியானம் உச்சி தொட்டு, சாயங்காலம் இறங்குகிற வளைவு அது. மேகம் வந்தால் அந்தக் கோடு ரம்பப் பல் மாதிரி தாறுமாறாக வெட்டுப்பட்டிருக்கும், ஒரு நாள் போல இன்னொரு நாள் இருக்காது. நிழல் என்றால் வெட்டு தினமும் ஒரே நேரத்தில் விழும். எனக்கு ஒன்றரை மணி வரை கோடு அழகாக வருகிறது, அதற்குப் பிறகு படிக்கட்டு மாதிரி சடாரென்று ஒரு இறக்கம், கொஞ்ச நேரம் சமமாக ஓட்டம், மறுபடி ஒரு இறக்கம். இன்றைக்கும் ஒன்றரை, நேற்றும் ஒன்றரை, போன வாரமும் ஏறக்குறைய அதே நேரம். மேகம் கடிகாரம் பார்த்தா வரும்? மறுநாள் ஒன்றரைக்கு மாடி ஏறினேன். டேங்கின் நிழல் கீழ் வரிசையின் முதல் பேனலில் ஒரு மூலையை முக்கோணமாக மூடியிருந்தது. அங்கேயே நின்று பார்த்தேன். இரண்டு மணிக்கு முதல் பேனலில் பாதி, மூன்று மணிக்கு அது நகர்ந்து மேல் வரிசைக்கும் ஏறிவிட்டது.

கொஞ்சம் நிழல்தானே, அதற்கா இத்தனை அடி என்று தோன்றும். வீட்டு சோலாரில் பேனல்களை சாதாரணமாக ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போலக் கோத்துத்தான் இன்வெர்ட்டருக்கு இழுக்கிறார்கள். ஒரு பேனலில் மின்னோட்டம் குறைந்தால் மொத்த வரிசையையும் அது பிடித்து இழுக்கும். அப்படி ஆகாமல் இருக்க ஒவ்வொரு பேனலுக்குள்ளும் பைபாஸ் டையோடு இருக்கிறது, வழக்கமாக மூன்று. நிழல் விழுந்த பகுதியை அது ஒதுக்கிவிட்டு மற்றதை ஓட விடும். ஒதுக்கிய பகுதியின் மின்சாரம் போனது போனதுதான். படத்தில் படிப்படியாக இறக்கம் தெரிந்ததற்குக் காரணம் இந்த ஒதுக்கல்தான். அதனால் உள்ளங்கை அகல நிழல்கூட, அதன் அகலத்துக்குச் சம்பந்தமில்லாத அளவு நஷ்டம் வைக்கும்.

படம் எடுத்து கம்பெனிக்கு அனுப்பினேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "குளிர்காலத்துல கொஞ்சம் குறையத்தான் செய்யும் மேடம், தை பிறந்துட்டா சூரியன் வடக்க திரும்பிடும், தானா சரியாயிடும்." தை பிறந்தது. பொங்கல் அன்றைக்கு மத்தியானம் மாடியில் போய் நின்றால் நிழல் அதே இடத்தில்தான். அன்றைக்கு வந்த கோபத்தில்தான் உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட ஆரம்பித்தேன், மகளின் பூகோளப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. சூரியனை எந்தப் பக்கம் போய்ச் சுற்றினாலும் அந்த அச்சின் வட முனை துருவ நட்சத்திரம் இருக்கும் திக்கையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் ஜூனில் பூமியின் வட பாதி சூரியன் பக்கம் சாய்ந்தும், டிசம்பரில் தென் பாதி சாய்ந்தும் அமைந்துவிடுகிறது. இங்கே தரையில் நின்று பார்க்கும் நமக்கு அது சூரியன் வடக்கும் தெற்குமாகப் போய் வருவதாகத் தெரிகிறது. மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே கிட்டத்தட்ட 10 பாகையில் இருக்கிறது. டிசம்பர் 21 வாக்கில் உச்சிப் பொழுதில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலிருந்து 33 பாகை தெற்கே தள்ளி நிற்கும். ஜூன் 21 வாக்கில் 13 பாகைக்குச் சற்றுக் கூடுதலாக வடக்கே நிற்கும். ஆமாம், வடக்கே. சித்திரை பிறந்து ஓரிரு நாளில் மதுரையின் தலைக்கு நேராக வருகிற சூரியன், அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம் வரை மத்தியானத்தில் வடக்குப் பக்கம்தான் இருக்கிறது. டெல்லியில் இது நடக்கவே நடக்காது, அந்த ஊர் கடக ரேகைக்கு மேலே இருப்பதால் அங்கே உச்சிப் பொழுது சூரியன் எப்போதும் தெற்கில்தான். வடநாட்டு வீடியோக்களிலும் வெளிநாட்டு வீடியோக்களிலும் "தெற்கே மட்டும் பாருங்கள், வடக்கே எது இருந்தாலும் கவலையில்லை" என்பார்கள். அது அவர்களுக்குச் சரி. நமக்கு இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது.

உதிப்பதும் மறைவதும்கூட இப்படித்தான். நேர் கிழக்கில் உதிப்பது மார்ச் 20, 21 வாக்கிலும் செப்டம்பர் 22, 23 வாக்கிலும் மட்டும்தான். ஜூனில் கிழக்கிலிருந்து கிட்டத்தட்ட 24 பாகை வடக்கே தள்ளி உதித்து, அதே அளவு மேற்கிலிருந்து வடக்கே தள்ளி மறையும். டிசம்பரில் அப்படியே தெற்குப் பக்கம். கம்பெனி ஆள் வைகாசி மூன்றரை மணிக்குப் பார்த்தபோது சூரியன் வடமேற்குச் சாய்வில் இருந்தது, அதனால் டேங்க் நிழல் தெற்குச் சாய்வாகக் கிழக்கே போய்விட்டது. மார்கழி மூன்றரை மணிக்குச் சூரியன் தென்மேற்கில் இருக்கிறது. நிழல் நேராக வடகிழக்கே, எங்கள் பேனல் இருக்கும் பக்கமே வந்து விழுகிறது. டேங்க் இருக்கும் கன்னி மூலைக்கும் மார்கழிச் சாயங்காலத்துக்கும் இப்படி ஒரு பொருத்தம்! வாஸ்துப்படி டேங்க் வைத்த எல்லா வீட்டுக்கும் இந்தத் தலைவலி உண்டு, வடகிழக்குப் பக்கத்தில் டேங்குக்கு ஒட்டி பேனல் போட்டால்.

சரி, தை பிறந்தும் ஏன் நிழல் நகரவில்லை? இரண்டு காரணம். முதலாவது, சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22 வாக்கில், அதாவது மார்கழி முதல் வாரத்திலேயே. நம் பஞ்சாங்க மாதங்கள் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடப்படுபவை. பூமியின் அச்சு ஏறக்குறைய 26,000 வருடத்துக்கு ஒரு சுற்று என்று மெல்லத் தள்ளாடுவதால், திரும்பும் நாளும் தை முதல் தேதியும் நூற்றாண்டுக் கணக்கில் விலகி இப்போது மூன்று வாரத்துக்கும் மேல் இடைவெளி விழுந்திருக்கிறது. பொங்கல் கொண்டாட அது ஒரு தடையும் இல்லை, நிழல் கணக்குக்கு மட்டும் தை முதல் தேதியை நம்பாதீர்கள். இரண்டாவது காரணம்தான் பணத்தைத் தின்பது. சூரியனின் இந்தப் போக்குவரத்து ஊஞ்சல் மாதிரி, நடுவில் வேகம், இரண்டு ஓரத்திலும் நின்று நின்று திரும்பும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவுக்குள் பதினோரு பாகைக்கு மேல் தெற்கே ஓடிவிடுகிறது. ஆனால் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை, இரண்டரை மாதம் முழுக்க, வெறும் ஐந்தாறு பாகைக்குள்தான் போய்த் திரும்புகிறது. பொங்கல் அன்றைக்கு அது திரும்பி வந்திருந்தது இரண்டு பாகைதான். அதனால் மார்கழியில் ஒரு நிழல் உங்கள் பேனலில் விழுகிறது என்றால் அது ஏதோ நான்கைந்து நாள் தொல்லை என்று விடாதீர்கள். இரண்டரை, மூன்று மாதக் குடித்தனம்.

"குளிர்காலத்தில் குறையத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கையும் எடுத்துப் போடுங்கள், நான் போட்டேன். மதுரையில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் நீள வித்தியாசம் ஒரு மணி பத்து நிமிடம் போலத்தான். பேனல் பத்து பாகை தெற்கே சாய்ந்திருப்பதால், உச்சிப் பொழுதில் அதன் நேர்முகத்துக்கு ஜூன் சூரியன் எவ்வளவு பாகை வடக்கே தள்ளி இருக்கிறதோ அதே அளவுதான் டிசம்பர் சூரியன் தெற்கே தள்ளி இருக்கிறது. போதாக்குறைக்கு ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது, வெயிலில் பேனல் சூடாகச் சூடாக உற்பத்தி குறையும் என்ற தொல்லையும் மார்கழியில் குறைவு. மழையும் மூட்டமும் இல்லாத மார்கழி நாளில் ஆனி மாதத்து அளவை ஒட்டியே வர வேண்டும். ஒன்பது வந்தால் எங்கோ நிழல் இருக்கிறது, போய்த் தேடுங்கள்.

இதையெல்லாம் நான் நோட்டுப் போட்டுக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தபோது அத்தை கேட்டார்கள், "என்னம்மா, துணி காயிற கணக்கா?" என்று. விஷயத்தைச் சொன்னேன். "அந்த இடத்துல மார்கழியில மத்தியானத்துக்கு மேல வெயில் ஏது? அதனாலதான ஒவ்வொரு வருசமும் தீபாவளி முடிஞ்சதும் கொடிய முன்பக்கம் மாத்திக் கட்டுவேன். மாசி பொறந்ததும் திரும்ப இங்க." "ஏன் அத்தை, அன்னிக்கு அந்த ஆள் வந்து அளந்தப்பவே சொல்லியிருக்கலாம்ல?" "என்னை யாரு கேட்டா?" அதற்கு மேல் நான் பேசவில்லை. உங்கள் வீட்டிலும் துணி உலர்த்துகிறவர், வடகம் காயப்போடுகிறவர் யாராவது இருப்பார்கள். சர்வேக்கு ஆள் வரும் அன்றைக்கு அவர்களையும் மாடிக்குக் கூப்பிட்டு, எந்த மாதம் எங்கே வெயில் வராது என்று முதலில் கேளுங்கள். காசு செலவில்லை.

கேட்க ஆள் இல்லை, புது வீடு என்றால் அளந்து பார்க்கலாம். டிசம்பர் 21-க்கு உச்சிப் பொழுதுச் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதற்கு, 90-லிருந்து உங்கள் ஊரின் அட்சரேகையையும் 23.4-ஐயும் கழித்தால் போதும். மதுரைக்கு 56, 57 பாகை வரும், சென்னைக்கு 53, 54, கன்னியாகுமரிக்கு 58, 59. ஆனால் உச்சிப் பொழுதை மட்டும் பார்த்தால் பத்தாது. மார்கழியில் காலை ஒன்பது மணிக்கும் மத்தியானம் மூன்றரைக்கும் மதுரையில் சூரியன் 32 பாகை உயரத்தில்தான் இருக்கும். அப்போது நிழல், பொருளின் உயரத்தைப் போல 1.6 மடங்கு. காலையில் வடமேற்கே, மத்தியானம் வடகிழக்கே. உயரம் என்று கணக்கிடுவது தரையிலிருந்து இல்லை, பேனலின் கீழ் விளிம்பிலிருந்து. எங்கள் டேங்க் உச்சி 13 அடி, பேனல் விளிம்பு 3 அடி, வித்தியாசம் 10 அடி, ஆக நிழல் 16 அடி. எங்கள் பேனலோ ஐந்தாறு அடியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஒரு டேப்பும் இந்தப் பெருக்கலும் இருந்தால் வைகாசியிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும் என்பதால் தமிழ்நாட்டில் எங்கே இருந்தாலும் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், பழுதில்லை. கணக்கு பிடிக்காதவர்களுக்கு சன்கால்க் என்ற இணையதளம் இருக்கிறது, வீட்டைக் குறித்துத் தேதியை டிசம்பர் 21 என்று மாற்றினால் எந்த மணிக்குச் சூரியன் எந்தத் திசையில் என்று கோடு போட்டுக் காட்டிவிடும். திசையை போன் காம்பஸை வைத்து முடிவு செய்யாதீர்கள், மாடியில் கான்கிரீட்டுக்குள் கம்பி, பக்கத்தில் இரும்பு ஸ்டாண்டு, அது ஒரு பக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரத்தில் பாருங்கள், அந்த நிழல் சரியான வடக்கு தெற்கு. அந்த நேரம் பன்னிரண்டு மணி என்று நினைத்துவிட வேண்டாம். மதுரையில் நவம்பர் தொடக்கத்தில் கிட்டத்தட்ட பன்னிரண்டுக்கே வரும், பிப்ரவரி நடுவில் பன்னிரண்டரை ஆகிவிடும்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஆனி மாதப் பௌர்ணமி அன்று ராத்திரி மாடிக்குப் போங்கள். பௌர்ணமி நிலா எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் இருப்பதால், ஆனியில் சூரியன் வடக்கே இருக்கும்போது நிலா தெற்கே, ஏறக்குறைய மார்கழிச் சூரியன் போகும் பாதையிலேயே போகும். ராத்திரி மூன்றரை மணிக்கு நிலா வெளிச்சத்தில் டேங்க் நிழல் எங்கே விழுகிறதோ, மார்கழி மத்தியானம் மூன்றரைக்கு வெயிலில் அந்த இடத்தை ஒட்டித்தான் விழும். நிலாவின் பாதை கொஞ்சம் சாய்ந்தது என்பதால் ஐந்து பாகை முன்பின் இருக்கும், அதைத் தள்ளிப் பார்த்துக்கொள்ளுங்கள். கோடைக்காலத்தில் சர்வே முடிக்க வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரியவில்லை.

கம்பெனியோடு நடந்த பேச்சை நீட்டி எழுத விருப்பமில்லை. நான் கையெழுத்துப் போட்ட தாளையே என்னிடம் நீட்டினார்கள். ஐந்து வருடப் பராமரிப்பில் இடம் மாற்றுவது சேராது என்றார்கள். இருந்த வழிகள் நான்கு. டேங்கைக் கீழே இறக்குவது: அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள், தவிர குளியலறைக்குத் தண்ணீர் வேகமும் குறையும். பேனலைத் தாங்கும் இரும்பு ஸ்ட்ரக்சரை எட்டு அடிக்கு உயர்த்துவது: ஆடிக் காற்றுக்குத் தாங்குகிற மாதிரி கால் போட்டால் செலவு எகிறுகிறது. பேனலுக்குப் பேனல் ஆப்டிமைசர் என்ற கருவியை மாட்டுவது: நிழல் விழுந்த பேனல் மற்றவற்றை இழுக்காமல் அது காப்பாற்றும், நிழலில் இருக்கும் பேனலுக்கு வெயிலைக் கொண்டுவராது. கடைசியாக, மொத்தத்தையும் மாடியின் வடகிழக்கு ஓரத்துக்கு நகர்த்துவது. அதைத்தான் செய்தேன். ஸ்ட்ரக்சர் கால் நிற்கப் புது பெடஸ்டல், கூடுதல் கேபிள், பைப், கூலி எல்லாம் சேர்த்து 26,000. பழைய பெடஸ்டலை உடைத்த இடத்தில் நீர்க்கசிவு வராமல் பூச வேண்டியிருந்தது, அதை நானே பக்கத்தில் நின்று செய்ய வைத்தேன்.

இந்தச் செலவு தகுமா என்று பலமுறை யோசித்தேன், நீங்களும் யோசியுங்கள். எனக்கு நாளுக்கு மூன்று யூனிட் போல மூன்று மாதம் நஷ்டம், வருடத்துக்கு 250-லிருந்து 300 யூனிட். அந்த ஒரு குளிர்காலத்தில் ஈபி பில்லில் கூடுதலாகக் கட்டியது இரண்டாயிரம் ரூபாய்தான். அதற்கு 26,000 செலவா என்றால் முதல் பார்வையில் பைத்தியக்காரத்தனம். ஆனால் பேனலுக்கு 25 வருடம் என்கிறார்கள், அப்படிப் பார்த்தால் ஏழாயிரம் யூனிட் வரை போகும். அதோடு எங்கள் தெற்குப் பக்கம் காலி மனை. நாளைக்கு அங்கே இரண்டு மாடி எழும்பினால் அந்த நிழலுக்கு முன்னால் டேங்க் நிழல் ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். வடக்கு ஓரத்தில் இருந்தால் அதிலிருந்தும் கொஞ்சம் தப்பிக்கலாம் என்பதுதான் என்னை முடிவெடுக்க வைத்தது. உங்கள் நிழல் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல்தான் விழுகிறது என்றால் விட்டுவிடுங்கள், அந்த நேரத்து உற்பத்தி சொற்பம், அதற்காக இரும்பை நகர்த்த வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியது இரண்டு. டிசம்பர் 21-ல் காலை ஒன்பது முதல் மத்தியானம் மூன்றரை வரை பேனல் மேல் நிழல் விழாது என்ற ஒரு வரி, அப்புறம் மாதவாரியாக எத்தனை யூனிட் எதிர்பார்க்கலாம் என்ற அட்டவணை. நிழல் ஆய்வுக்கென்றே மென்பொருள் இருக்கிறது, கேட்டால்தான் போடுவார்கள். கொஞ்சம் பணத்தை மார்கழி வரை நிறுத்திவைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தெரிந்தவர்களுக்காக வேறு இரண்டு கம்பெனியில் கேட்டுப் பார்த்தேன், சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

இடம் மாற்றியபின் வந்த மார்கழியில் வெயில் நாளுக்குப் பதினொன்றரை, பன்னிரண்டு வந்தது. நான்கரைக்கு மேல் டேங்க் நிழல் ஓரத்தைத் தொடுகிறது, தொட்டுவிட்டுப் போகட்டும். அத்தையின் கொடி இப்போது வருடம் முழுக்க மாடிப்படி ரூம் பக்கமே, மழைக்காலத்தில் ஈரம் காயவில்லை என்று எனக்குத்தான் பேச்சு. புதிதாக ஒன்று, வடமேற்கில் பக்கத்து வீட்டு வேப்பமரம் ஆனி மாதம் ஐந்து மணிக்கு மேல் மேல் வரிசையில் லேசாக நிழல் போடுகிறது. அது வளர்ந்தால் வருடத்துக்கு ஒரு முறை கிளையை மட்டும் கழித்துவிடுவதாக அந்த வீட்டு அக்கா சொல்லியிருக்கிறார்.